காற்றுத் தொட்டியும் காப்பீட்டுத் தாளும்

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையோரம் பஞ்சர் கடைகளும் டிங்கரிங் பட்டறைகளும் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைகளும் அடுத்தடுத்து வருகின்றன. அடைத்து வைத்த காற்று இல்லாமல் இவற்றில் வேலை நடக்காது. ஆனால் எல்லாப் பட்டறைகளிலும் நிறுவனம் தயாரித்த கம்ப்ரசர் இருப்பதில்லை. எங்கோ கழித்துப் போட்ட கம்ப்ரசர் ஹெட், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய மோட்டார், லாரியின் பிரேக் அமைப்பிலிருந்து கழற்றிய காற்றுத் தொட்டி, தண்ணீருக்கென்று விற்கும் பி.வி.சி. பைப் ஆகியவற்றைப் பட்டறைக்காரரே சேர்த்து அமைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் புதிதன்று. இடம் வாடகைக்கு எடுத்தது. இயந்திரம் கையால் அமைத்தது. குடும்பம் நடப்பது அந்த இயந்திரத்தின் உழைப்பில். பொறியியல் மாணவர்கள் தங்கள் செயல்திட்டத்துக்காக வாடகைக் கொட்டகையில் அமைக்கும் காற்றழுத்த அமைப்பும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இத்தகைய அமைப்புக்குக் காப்பீடு கிடைக்குமா என்ற கேள்வி எழும்போது பேச்சு உடனே பிரீமியத்தை நோக்கிச் சென்றுவிடுகிறது. பணம் கட்டத் தயாராக இருப்பவருக்கு ஏதோ ஒரு பாலிசி கிடைத்துவிடும். அது இழப்பு நேரும் நாளில் பயன்படுமா என்பதை முடிவு செய்வது பிரீமியத் தொகையன்று. அந்த இயந்திரம் தாளில் எந்தச் சொற்களால் விவரிக்கப்பட்டுள்ளது என்பதே முடிவு செய்கிறது. அந்தச் சொற்களை எழுதுபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர், எழுதப்படும் மொழியோ இருவரில் ஒருவருக்கு மட்டுமே ஓரளவு தெரிந்தது. ஆகவே இது பொறியியல் சிக்கலாகவும் சட்டச் சிக்கலாகவும் இருப்பதோடு ஒரு மொழிச் சிக்கலாகவும் இருக்கிறது. மூன்றாவதைத் தீர்க்காமல் முதல் இரண்டையும் தீர்க்க இயலாது.

முதலில் ஆபத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நூறு லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் 10 பார் அழுத்தம் வரை காற்றை அடைத்தால் அதில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள காரைப் பதினைந்து மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல் அது. அதே தொட்டியில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி அதே அழுத்தத்துக்கு ஏற்றினால் தண்ணீரில் சேர்வது இருபது, முப்பது ஜூல் மட்டுமே. தண்ணீர் ஏறத்தாழச் சுருங்காது, காற்று சுருங்கும், சுருங்கியது விடுபடும்போது விரியும். தொட்டிகளின் அழுத்தச் சோதனையைத் தண்ணீர் கொண்டு செய்வதற்கு இதுவே காரணம். சோதனையில் தொட்டி கிழிந்தால் தரை நனையும். காற்றோடு கிழிந்தால் கூரை போகும்.

தொட்டி கிழிவதற்கான காரணம் பெரும்பாலும் உள்ளேயே உருவாகிறது. காற்றிலுள்ள ஈரம் அழுத்தத்தில் நீராக மாறித் தொட்டியின் அடியில் தங்குகிறது. அன்றாடம் வடிகால் வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால் இரும்பை உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். பழைய சமையல் எரிவாயு உருளையைக் காற்றுத் தொட்டியாக்குபவர்கள், அது 25 கிலோ அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று சொல்லித் துணிவு கொள்வதுண்டு. சோதனை உண்மைதான், ஆனால் அது எரிவாயுவை வைத்திருப்பதற்கான கலனுக்குச் செய்த சோதனை. அந்த உருளைக்கு அடியில் வடிகால் இல்லை. ஈரக்காற்றை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்க அது அமைக்கப்படவும் இல்லை. மேலும் வீட்டுக்கு வரும் உருளை எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. வைத்திருப்பவர் வைப்புத்தொகை மட்டுமே கட்டியிருக்கிறார். தமக்கு உடைமையில்லாத பொருளை வெட்டி ஒட்டி, அதையே தம் உடைமையாகக் காப்பீடு செய்யப் புறப்படும்போது முதற்படியிலேயே வழக்கு பலவீனமாகிவிடுகிறது.

பி.வி.சி. பைப்பின் கதையும் இதைப் போன்றதே. தண்ணீர்க் குழாயாக இருக்கும்போது அது விரிசல் விட்டால் ஒழுகும். காற்றழுத்தத்தில் அதே விரிசல் பைப்பைக் கூரிய சில்லுகளாகச் சிதறடிக்கும். பைப் ஒன்றே; உள்ளே இருக்கும் பொருள் மாறும்போது அதன் குணமும் மாறுகிறது. தண்ணீருக்கு விற்ற பைப் என்ற சொல் விண்ணப்பத்தில் எழுதப்படாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அறிந்துகொள்ள வழியில்லை.

இனிச் சட்டத்தின் பார்வை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, வளிமண்டல அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் எந்த இயந்திரமும் பாதுகாப்பான அளவைத் தாண்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டத்தில் தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் வர, மின்விசையுடன் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. உரிமையாளரும் ஒரு பையனும் மட்டும் வேலை செய்யும் பட்டறை இரண்டு வரையறைக்கும் வெளியே நிற்கிறது. கொதிகலன் சட்டம் நீராவியைப் பற்றியது. 1923-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்தபோதும் அது நீராவியைப் பற்றியதாகவே இருக்கிறது. வெறுங்காற்று அதன் கண்ணில் படாது. ஆக, ஒன்றரை இலட்சம் ஜூலை அடைத்து வைத்திருக்கும் தொட்டியை அரசின் ஆய்வாளர் எவரும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதைப் பார்க்கக்கூடிய ஒரே வெளியாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வர வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் ஆய்வாளரை அனுப்புவது புதிய யோசனையன்று. இந்த வகைக் காப்பீடு தோன்றியதே அப்படித்தான். இங்கிலாந்தின் நெசவாலைகளில் கொதிகலன்கள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்னின் முன்முயற்சியால் 1854-இல் மான்செஸ்டரில் நீராவிப் பயனாளர் சங்கம் ஒன்று தோன்றியது. உறுப்பினர்களின் கொதிகலன்களை முறையாகப் பார்வையிடுவதே அதன் முதன்மைப் பணி. 1858-இல் அதே நகரில் கொதிகலன் காப்பீட்டு நிறுவனம் பிறந்தது. 1866-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய நிறுவனம் ஆய்வு, காப்பீடு என்ற இரண்டு சொற்களையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. ஆய்வுதான் முதலில் வந்தது. இந்தியாவில் 1863-இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்புக்குப் பிறகு, 1864-இல் வங்காளத்தில் ஆய்வை வலியுறுத்தும் சட்டம் வந்தது. இந்த வரலாற்றில் இழப்பீடு என்பது இரண்டாம் நிலை. பார்த்து, அளந்து, எழுதி வைப்பதே முதல் நிலை. சித்தூரின் சிறு பட்டறைக்கு இன்று விற்கப்படும் பாலிசியில் இரண்டாம் நிலை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி நடைமுறையில் உள்ளது. ஓரிடத்தில் உள்ள சொத்துகளின் மதிப்பு ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு அது பொருந்தும். தீ, மின்னல், நிலநடுக்கம் ஆகியவற்றோடு வெடிப்பும் அதன் இடர்ப் பட்டியலில் இருக்கிறது. இதன்றிக் கொதிகலன் மற்றும் அழுத்தக்கலன் பாலிசி என்று தனி வகை ஒன்றும் உண்டு. முதல் வகை, வெடிப்பால் பட்டறைக்கு நேரும் சேதத்தை நோக்கியது. இரண்டாவது வகை, அழுத்தத்தில் இயங்கும் கலனையே நோக்கியது. அதை வாங்குவோர் பெரும்பாலும் ஆலைகள். பட்டறைக்காரர் வாங்குவது முதலாவதை; அவர் பயப்படுவது இரண்டாவதில் சொல்லப்பட்டதை.

இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை வரைவது ஒரு தொடரமைப்பு. நெடுங்காலமாக வழக்கிலிருந்த தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசி, வெடிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டு ஒரு விலக்கையும் வைத்தது. கொதிகலன்கள், அவற்றைச் சார்ந்த வெப்பமேற்றிகள், பிற கலன்கள், இயந்திரங்கள், கருவிகள் ஆகியவை தம் சொந்த வெடிப்பாலேயே சேதமுற்றால் இழப்பீடு இல்லை என்பது அதன் சாரம். நீராவி உண்டாகும் என்ற அடை ஆங்கில மூலத்தில் பட்டியலின் இறுதியில் வருகிறது. அந்த அடை கடைசிப் பெயரான கருவிகளை மட்டும் தழுவுகிறதா, பட்டியல் முழுவதையும் தழுவுகிறதா? கடைசிப் பெயரை மட்டும் தழுவினால், பிற கலன்கள் என்ற சொல்லுக்குள் காற்றுத் தொட்டியும் அடங்கி விலக்குக்கு உள்ளாகும். முழுவதையும் தழுவினால், நீராவி இல்லாத காற்றுத் தொட்டி விலக்கிலிருந்து தப்பும். ஒரே அடையின் எல்லை ஒரு குடும்பத்தின் மூலதனத்தை முடிவு செய்கிறது.

இதே விலக்கைத் தமிழிலோ தெலுங்கிலோ எழுதினால் நிலைமை தலைகீழாகும். இரு மொழிகளிலும் பெயரெச்சம் பெயருக்கு முன்னே வரும். நீராவி உண்டாகும் கொதிகலன்கள், கலன்கள், இயந்திரங்கள் என்று எழுதினால் அடை முதற்பெயரை மட்டும் தழுவுகிறதா, அனைத்தையுமா என்ற ஐயம் எழும். ஆங்கிலத்தில் ஐயம் பட்டியலின் வாலில், தமிழில் தலையில். பெயர்ப்பவர் ஐயத்தை அப்படியே கடத்த முடியாது. ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்தே ஆக வேண்டும். பாலிசியை மக்கள் மொழியில் தர வேண்டும் என்று கேட்பது வெறும் மொழிப்பற்று என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, மூலத்தில் மறைந்திருக்கும் தெளிவின்மையை வெளியே இழுத்துப் போடுகிறது. அதனாலேயே அது தேவை.

அடுத்தது சொல். அழுத்தக்கலன் பாலிசியில் வெடிப்பு என்பதற்கு இறுக்கமான வரையறை உண்டு. உள்ளழுத்தத்தால் கலனின் உடல் திடீரென்று வன்மையாகக் கிழிய வேண்டும். அதன் பகுதி இடம்பெயர வேண்டும். உள்ளிருந்தது பீறிட்டு வெளியேற வேண்டும். அரிப்பு, தேய்மானம், விரிசல், மெல்ல மெல்ல ஏற்படும் வடிவக்கேடு ஆகியவை, கசிவு இருந்தாலும்கூட, அந்த வரையறைக்குள் வருவதில்லை. இப்போது தமிழைப் பார்க்கலாம். கோடையில் நிலம் வெடிக்கிறது, குதிகாலில் வெடிப்பு விழுகிறது, காய்ந்த பருத்திக் காய் வெடிக்கிறது, பட்டாசும் வெடிக்கிறது. மெல்ல விழும் பிளவையும் ஓசையோடு சிதறுவதையும் தமிழ் ஒரே வினையால் சொல்லும். தெலுங்கு பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: பிளவு பகுலு, சிதறல் பேலுடு. தொட்டியின் வெல்டிங்கில் வெடிப்பு விழுந்து காற்று போய்விட்டது என்று தமிழில் சொல்பவரும், தொட்டி வெடித்துக் கூரை போய்விட்டது என்று சொல்பவரும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். முதலாமவருக்கு இழப்பீடு இல்லை, இரண்டாமவருக்கு உண்டு. அந்த வாக்குமூலத்தைத் தெலுங்கில் கேட்டு ஆங்கிலத்தில் பதிவு செய்யும் அலுவலர் எந்தச் சொல்லைத் தேர்கிறாரோ அதுவே கோரிக்கையின் தலைவிதி.

சித்தூர் வட்டாரத்தில் இது கற்பனைச் சிக்கலன்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன; சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மூன்று முறை மாறிய மண்ணில் வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி, காப்பீட்டுத் தாளில் ஒரு மொழி என்று வாழ்வது இயல்பாகிவிட்டது. பேச்சில் இந்தக் கலப்பு இடையூறின்றி நடக்கிறது. எவரும் எவரையும் புரிந்துகொள்ளாமல் போவதில்லை. கையெழுத்து என்று வரும்போதுதான் அது முறிகிறது.

சொற்களால் வழக்கு வெல்வதற்கும் தோற்பதற்கும் உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இரண்டு சான்றாகும். புஷ்பாலயா பிரிண்டர்ஸ் வழக்கில், அச்சகத்துக்கு அருகே சாலைப் பணியில் ஓடிய புல்டோசரின் அதிர்வால் கட்டடமும் இயந்திரங்களும் சேதமுற்றன. வாகனத்தின் மோதலால் நேரும் சேதத்துக்கே பாலிசி. வண்டி கட்டடத்தைத் தொடவே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. மோதல் என்ற பொருளில் ஆளப்பட்ட ஆங்கிலச் சொல் வலுவான தாக்கத்தையும் குறிக்கும், பாலிசி நேரடித் தொடுகையைக் கட்டாயமாக்கவில்லை, ஐயமிருந்தால் சொல்லை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் அச்சகத்தின் பக்கம் நின்றது. அதே ஆண்டில் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் முடிவு எதிர்த்திசையில் சென்றது. பாலிசியில் கொள்ளை என்பதற்கு வன்முறையோடு உள்நுழைதல் என்று வரையறை இருந்தது. வன்முறையின்றிப் பொருள் திருட்டுப்போனதால் இழப்பீடு இல்லை என்றானது. சொல் தெளிவற்றிருந்தால் காப்பீடு பெற்றவருக்கு நன்மை. சொல் தெளிவாக இருந்தால் தாளில் உள்ளதே இறுதி. ஆகவே எந்தச் சொல் தெளிவானது, எது தெளிவற்றது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே அறிந்திருப்பது பட்டறைக்காரருக்குப் பொருளாதாரத் தேவை.

பாலிசியின் சொற்களை நிறுவனம் எழுதுகிறது. விண்ணப்பத்தின் சொற்களுக்கோ பட்டறைக்காரரே பொறுப்பு. காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. இடரை மதிப்பிடத் தேவையான எதையும் மறைக்கக் கூடாது. கைச்செய்கைக் கம்ப்ரசரை வைத்திருப்பவரின் விண்ணப்பத்தில், முகவர் தம் கையால் ஆங்கிலத்தில் ஏர் கம்ப்ரசர் ஒன்று என்று மட்டும் எழுதி முடிக்கிறார் என்று கொள்வோம். படிப்பவர் மனத்தில் நிறுவனத் தயாரிப்பும் பெயர்ப்பலகையும் தொழிற்சாலைச் சோதனைச் சான்றும் எழும். எழுதியது பொய்யன்று, ஆனால் எழுதாமல் விட்டது போதும், பின்னாளில் உண்மை மறைக்கப்பட்டது என்று சொல்ல. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2002-இல் வெளியிட்ட பாலிசிதாரர் நலவிதிகளில், காப்பீட்டுப் படிவங்களை அரசமைப்புச் சட்டம் ஏற்ற மொழிகளில் தரலாம் என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பின் 2017-இலும் 2024-இலும் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆனால் அன்றைய வரியின் வினைமுற்று இன்றைய நடைமுறையையும் விளக்குகிறது: தரலாம் என்பது, தர வேண்டும் என்பதன்று.

வாடகை இடம் இந்தச் சிக்கலுக்கு மற்றொரு முடிச்சைப் போடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தமே வழக்கம். பாலிசியோ பன்னிரண்டு மாதம். ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காத நாளில் விபத்து நேர்ந்தால், எந்த உரிமையில் அங்கிருந்தார் என்ற கேள்வி எழும். சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, தீ போன்ற தடுக்கவியலாத காரணங்களால் இடம் பயனற்றுப் போனால் வாடகைதாரர் குத்தகையிலிருந்து விலகலாம் என்கிறது. ஆனால் அவருடைய தவறால் நேர்ந்திருந்தால் அந்த உரிமை இல்லை. கட்டடத்துக்கு உரிமையாளர் தனியே காப்பீடு எடுத்திருந்தால், அவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையை வாடகைதாரரிடம் திரும்பக் கேட்க வழியுண்டு. வீட்டுக்காரருக்குப் பாலிசி இருக்கிறது என்ற நிம்மதி வாடகைதாரருக்கு உரியதன்று. பக்கத்துக் கடைக்காரருக்கோ சாலையில் போனவருக்கோ நேரும் காயம் இவை எதிலும் அடங்காது; அதற்குப் பொறுப்புக் காப்பீடு வேறாக வேண்டும்.

இவ்வளவு சிக்கலுக்கு ஒரே தீர்வு கைச்செய்கைத் தொட்டிகளைத் தடை செய்வதே என்று பொறியாளர் சிலர் சொல்லக்கூடும். அவர்களுடைய கவலை நியாயமானது. அழுத்தமேற்றிய கலன்களுக்கு இந்தியத் தரநிலை 2825 இருக்கிறது; அதைப் படிக்காமல் தகட்டை வளைத்து வெல்டிங் செய்வதை எவரும் ஆதரிக்க முடியாது. பழைய எரிவாயு உருளையையும் பி.வி.சி. பைப்பையும் பொறுத்தவரை மறுப்புக்கு இடமில்லை. அவை போக வேண்டும். ஆனால் தரச்சான்றுள்ள தொட்டியை வாங்கி, மற்றவற்றைத் தாமே பொருத்திக்கொண்டவரும் அதே தடையில் சிக்குவார். தடை வந்தால் இயந்திரம் மறையாது. விண்ணப்பத்திலிருந்து மட்டும் மறையும். பார்க்கப்படாத தொட்டி, பார்க்கப்பட்ட தொட்டியைவிட ஆபத்தானது என்பதை மான்செஸ்டர் கற்றுக்கொண்டு நூற்றாண்டுக்கும் மேலாகிறது.

சிறு பாலிசிக்கு ஆய்வாளரை அனுப்பினால் பிரீமியமே அதற்குப் போதாது என்பது காப்பீட்டுத் துறையின் மறுமொழியாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அது உண்மை. ஆனால் தொழிற்சாலைகள் சட்டமே தகுதியுள்ள நபர் என்ற சொல்லுக்குள் தனியாளை மட்டுமன்றி நிறுவனத்தையும் சேர்த்திருந்தது. தலைமை ஆய்வாளர் ஒரு கல்லூரியையும் அவ்வாறு ஏற்கலாம். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் ஐ.ஐ.டி. இருக்கிறது, பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் வட்டாரம் முழுவதும் உள்ளன. ஒரே தெருவில் உள்ள பட்டறைகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளப்பது, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பது, சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று குறிப்பது, வடிகால் வால்வு தொட்டியின் அடியில் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை இயந்திரவியல் மாணவர் பயிற்சிக்கு ஏற்ற வேலைகள். அறிக்கையில் கையெழுத்திடும் பொறுப்பு ஏற்பு பெற்ற ஆசிரியருக்கு இருக்கட்டும். தகுதியுள்ள நபர் என்பதைக் கைத்திறன் உள்ளவர் என்று பொருள்கொண்டு, தொட்டியைச் செய்த வெல்டிங்காரரிடமே சான்று வாங்கும் வழக்கமும் அப்போது நிற்கும்.

மொழித்துறைகளின் வேலை அதற்கடுத்து வருகிறது. திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் குப்பத்தில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்க விவரணைத் தாளைத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நிகராக எழுதித் தருவது அதற்கு அரிய செயலன்று. தொட்டி எதிலிருந்து வந்தது, கொள்ளளவு எவ்வளவு, இயங்கும் அழுத்தம் எவ்வளவு, சேஃப்டி வால்வு திறக்கும் அழுத்தம் எவ்வளவு, தகட்டின் தடிமன் எந்த நாளில் யாரால் அளக்கப்பட்டது, பைப் எந்தப் பொருளால் ஆனது, இடம் யாருடையது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற எட்டு வரிகள் போதும். வெடிப்பு என்ற சொல் வருமிடத்தில் தமிழில் விரிசல் என்றும் வெடித்துச் சிதறல் என்றும் பிரித்து எழுத வேண்டும். தெலுங்கில் பகுலு, பேலுடு என்ற வேறுபாடு ஏற்கெனவே இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு இந்தத் தாளை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் காப்பீட்டு அலுவலகத்தின் முத்திரையை வாங்கிவிட்டால், மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இடமிராது. அதைப் படித்துவிட்டு நிறுவனம் மறுத்தால், மறுப்பு விபத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அதுவும் பட்டறைக்காரருக்கு இலாபம்தான்.

மூன்று மொழிப் படிகள் இருந்தால் எது செல்லும் என்ற சண்டை வரும் என்று சட்டத்துறையினர் சொல்வார்கள். ஆங்கிலப் படியே செல்லும் என்று எழுதிக்கொள்வதில் தடையில்லை. தமிழ்ப் படியின் பயன் நீதிமன்றத்தில் வெல்வது மட்டுமன்று. கையெழுத்திடுபவர் தாம் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பதை அறிவது. ஒருவேளை வழக்கு வந்தாலும், தமிழ்ப் படியைக் கொடுத்த நிறுவனம் அதில் சொன்னதற்கு மாறாக ஆங்கிலப் படியைக் காட்டித் தப்புவது எளிதாக இராது. சிறு தொழில் நடத்தும் தனியுரிமையாளர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் வழியும் இருக்கிறது. முறையீடு எழுதும்போது கையில் தாம் புரிந்துகொண்ட தாள் ஒன்று இருப்பது, நினைவை நம்பி எழுதுவதைவிட உறுதியானது.

ஆய்வேடுகளில் சித்தூரின் இருமொழியம் நெடுநாளாகப் பேசப்படுகிறது: கடன்சொற்கள், குறிமாற்றம், எல்லைப்புறக் கிளைமொழி என்று அட்டவணைகள் நீள்கின்றன. அந்த அட்டவணைகளுக்குத் தரவு தந்தவர்களுள் பட்டறைக்காரர்களும் இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து சொற்களைச் சேகரித்துக்கொண்டு போகும் துறை, அவர்களுக்குத் திருப்பித் தரக்கூடிய ஒன்று இந்த எட்டு வரித் தாள். அடுத்த பருவத்துக்குக் களப்பணித் தலைப்பு தேடும் முதுகலை மாணவர்களும் வாடகைக் கொட்டகையில் செயல்திட்டம் செய்யும் பொறியியல் மாணவர்களும் ஒரே தெருவில் இருந்து தொடங்கலாம். ஒருவர் தகட்டை அளக்கட்டும். மற்றொருவர் அளந்ததை மூன்று மொழியில் எழுதட்டும். முதல் தாளை, கொட்டகையில் தாங்களே அமைத்த தொட்டிக்கு மாணவர்கள் எழுதுவது முறையாக இருக்கும்.